இழுக்கும் நூல், விடாத பிடி: கரு எப்படி உருவம் பெறுகிறது?

பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். கருவுற்று மூன்று மணி நேரம் ஆனதும் அதை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ 6000 செல்கள் ஒரே அடுக்காக, முட்டையின் ஓரத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும். எங்கும் ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. அப்புறம் சில நிமிடங்களில் வயிற்றுப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கோடு விழுகிறது. கோடு பள்ளமாகிறது. பள்ளம் ஆழமாகி, இரண்டு கரைகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்கின்றன. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். வெளியே நின்ற ஆயிரம் செல்கள் உள்ளே போய்விட்டன. அந்த ஈயின் தசைகள் பின்னால் இவற்றிலிருந்துதான் உருவாகும்.

இந்தக் காட்சியின் காணொலியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாரோ உள்ளே தள்ளுவது போலத்தான் தெரியும். ஆனால் தள்ளுவதற்கு அங்கே யாரும் இல்லை. அந்தச் செல்கள் தமக்குள் இருக்கும் நூல்களைத் தாமே இழுத்துக்கொண்டன. இழுத்ததில் பள்ளம் விழுந்தது.

உடலின் வடிவத்தை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று பள்ளியில் படிக்கிறோம். அது தவறில்லை. ஆனால் நடுவில் ஒரு பெரிய பகுதி விட்டுப்போகிறது. மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. எந்தப் புரதத்துக்கும் பள்ளம் என்றால் என்ன, குழல் என்றால் என்ன என்று தெரியாது. குறிப்பிலிருந்து வடிவத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நடுவில் எங்கோ ஒரு விசை பிறக்க வேண்டும். ஏதாவது ஒன்று சுருங்க வேண்டும், வளைய வேண்டும், நகர வேண்டும். அந்த விசை பிறக்கும் இடத்துக்குச் செல் சட்டகம் என்று பெயர். சைட்டோஸ்கெலிட்டன் என்றும் சொல்வார்கள்.

சட்டகம் என்ற பெயரைக் கேட்டதும் வீட்டுக்குப் போட்ட கம்பிக்கட்டு மாதிரி அசையாத ஒன்று நினைவுக்கு வரும். அந்தப் படத்தை முதலில் மனதிலிருந்து அழித்துவிடுவது நல்லது. இது ஓயாமல் கட்டப்பட்டும் பிரிக்கப்பட்டும் வரும் ஒரு நூல்வலை. ஒரு முனையில் துண்டுகள் வந்து சேரும். அதே நேரத்தில் மறுமுனையில் கழன்று போகும். செல்லுக்கு எங்கே தேவையோ அங்கே சில நொடிகளில் புது நூல் முளைக்கும்.

இதில் மூன்று வகை நூல்கள் உண்டு. கட்டுரை முழுக்க நமக்கு வேண்டியது ஆக்டின். சுமார் 7 நானோமீட்டர் தடிமன், அதாவது நம் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல்லின் வெளிச்சவ்வுக்கு நேர் அடியில் இந்த ஆக்டின் நூல்கள் பின்னிப் பிணைந்து ஒரு மெல்லிய துணி மாதிரி விரிந்திருக்கும். இரண்டாவது நுண்குழல்கள்: 25 நானோமீட்டர், உள்ளீடற்ற குழாய்கள், ஆக்டினைவிட விறைப்பானவை. மூன்றாவது இடைநிலை இழைகள்: தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் இந்த வகைதான். இழுபட்டாலும் கிழியாமல் தாங்குவது இவற்றின் வேலை.

நூல் தானாக இழுக்காது. இழுப்பதற்கு மயோசின் என்ற புரதம் வேண்டும். மயோசின் தசையில் இருக்கும் என்று பலருக்கும் தெரியும். கையை மடக்கும்போது தசைக்குள் நடப்பது மயோசின் ஆக்டினை இழுக்கும் வேலைதான். ஆனால் தசையே இல்லாத செல்களிலும் மயோசின் உண்டு, சிறு சிறு கற்றைகளாக. ஒரு கற்றைக்கு இரண்டு பக்கமும் கைகள். இந்தப் பக்கத்துக் கை ஒரு நூலையும், அந்தப் பக்கத்துக் கை எதிர்த்திசையில் போகும் இன்னொரு நூலையும் பிடித்துக்கொண்டு நடுவை நோக்கி இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஏடிபி என்ற, செல்லின் எரிபொருளான மூலக்கூறு செலவாகும். இப்படி ஆயிரக்கணக்கான கற்றைகள் ஒரே இடத்தில் வேலை செய்தால் அந்த இடத்துத் துணி சுருங்கும்.

சரி, ஒரு செல் சுருங்கினால் அதனால் பக்கத்துச் செல்லுக்கு என்ன? பிடிப்பு இல்லாமல் இழுப்பது ஒரு கை ஓசைதான். அதனால்தான் கேட்ஹெரின் என்ற ஒட்டும் புரதங்கள் இதில் இவ்வளவு முக்கியம். இவற்றைக் கண்டுபிடித்தவர் ஜப்பானிய உயிரியலாளர் மசடோஷி தக்கேய்ச்சி. ஒரு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் கேட்ஹெரின் பக்கத்துச் செல்லின் கேட்ஹெரினைக் கைகோத்துக்கொள்ளும். கால்சியம் இருந்தால்தான் இந்தப் பிடி நிற்கும்; கால்சியத்தை நீக்கிவிட்டால் திசு தனித்தனிச் செல்களாக உதிர்ந்துவிடும். கேட்ஹெரினின் வால் செல்லுக்குள் நீண்டு, கேட்டெனின் என்ற இடைப்புரதங்கள் வழியாக ஆக்டின் நூல்களோடு முடிச்சுப் போட்டிருக்கும். ஆக ஒரு செல்லின் நூல், முடிச்சு, அடுத்த செல்லின் நூல், அடுத்த முடிச்சு என்று திசு முழுவதும் ஒரே தொடர்ச்சி. ஒரு மூலையில் இழுத்தால் பல செல்கள் தள்ளி இருப்பதும் உணரும்.

இப்போது ஈயின் பள்ளத்துக்குத் திரும்புவோம்.

கையில் ஒரு தடித்த ஸ்பாஞ்ச் இருந்தால் அதன் மேல்பக்கத்தில் மட்டும் ஊசி நூலால் ஓட்டுத் தையல் போட்டு, நூலின் இரு முனைகளையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேல்பக்கம் சுருங்கும். அடிப்பக்கம் சுருங்காது. வேறு வழியில்லாமல் ஸ்பாஞ்சின் இரு ஓரங்களும் மேலெழும்ப, நடுவில் பள்ளம் விழும். நீங்கள் நடுவில் அழுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கருவில் நடப்பதும் இதுதான். வயிற்றுப் பக்கத்துச் செல்கள் உயரமான தூண்கள். ஒவ்வொரு தூணின் வெளிமுகத்திலும் மட்டும் மயோசின் குவிகிறது. வெளிமுகம் சுருங்குகிறது. செல்லின் உள்ளே இருக்கும் நீர் எங்கும் போக முடியாது, கன அளவு மாறாது. அதனால் மேலே ஒடுங்கிய செல் கீழே பருக்கிறது. தூண் ஆப்பாகிவிட்டது. ஆப்பு வடிவத்தில் வெட்டிய கற்களை வரிசையாக அடுக்கினால் வளைவு தானே வரும். செல்களின் வரிசையும் அப்படித்தான் உள்ளே வளைகிறது.

இப்படி இருக்கலாம் என்ற எண்ணம் பழையது. 1874-லேயே வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறியலாளர் கருவின் மடிப்புகளை வளைந்து மடங்கும் ரப்பர் குழாயோடு ஒப்பிட்டு விளக்கினார். 1947-ல் வாரன் லூயிஸ் பித்தளைத் துண்டுகளையும் ரப்பர் பேண்டுகளையும் வைத்து ஒரு செல் வரிசையின் மாதிரியைச் செய்தார். ஒரு பக்கத்து ரப்பரை மட்டும் இறுக்கினால் வரிசை முழுவதும் வளைந்தது. ஆக்டினும் மயோசினும் தசையல்லாத செல்களில் இருப்பதே தெரியாத காலம் அது.

ஆனால் உண்மையான செல் ரப்பர் பேண்டு மாதிரி சீராக இறுகவில்லை என்பது 2009-ல் தெரிந்தது. ஆடம் மார்ட்டின், எரிக் வீஷவுஸ் ஆகியோரின் குழு மயோசினை ஒளிரச் செய்து, உயிரோடு இருக்கும் கருவில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் படம் பிடித்தது. சுருக்குப்பையின் வாயை நாடா இறுக்குவது போல, செல்லின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இறுகும் என்பது அதுவரை பலரும் எதிர்பார்த்தது. படத்தில் தெரிந்ததோ வேறு. செல்லின் வெளிமுகத்தின் நடுவில் மயோசின் புள்ளியாகத் திரள்கிறது, முகம் சட்டென்று சுருங்குகிறது, மயோசின் கலைகிறது, சற்று ஓய்வு. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் மறுபடியும் திரள்கிறது, மறுபடியும் சுருக்கம். அழகு என்னவென்றால், ஓய்வு நேரத்தில் செல் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கிணற்றில் வாளி இறைப்பவர் ஒரு கை இழுத்து, கயிற்றை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டு, அடுத்த கையை மாற்றுவார் இல்லையா, அது மாதிரி. இழு, பிடி, இழு, பிடி.

இந்த இடத்தில்தான் மரபணுவின் பங்கு எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஸ்னெயில், ட்விஸ்ட் என்று இரண்டு மரபணுக்கள் வயிற்றுப் பக்கத்துச் செல்களில் மட்டும் வேலை செய்கின்றன. இவற்றில் ஒன்று பழுதானாலும் ஒழுங்கான பள்ளம் வராது. மார்ட்டினின் குழு இரண்டையும் பிரித்துப் பார்த்தது. ஸ்னெயில் இல்லாவிட்டால் துடிப்பான இழுப்பே தொடங்கவில்லை. ட்விஸ்ட் குறைந்தபோது செல்கள் இழுத்தன, ஆனால் பிடி நிற்கவில்லை. சுருங்கிய முகம் மறுபடி விரிந்துவிட்டது. ஆக ஒரு மரபணு இழுப்பைத் தொடங்கிவைக்கிறது, இன்னொன்று இழுத்ததை நழுவாமல் காக்கிறது. பள்ளம் என்ற வடிவம் எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை. யார் இழுக்க வேண்டும், எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எப்போது விடக்கூடாது என்பதுதான் எழுதியிருக்கிறது. மீதியைப் பார்த்துக்கொள்வது நூல்.

இன்னொரு சின்ன விஷயம். பள்ளம் ஏன் வட்டக் குழியாக இல்லாமல் நீண்ட வாய்க்காலாக இருக்கிறது? இழுக்கும் செல்கள் நிற்கும் பட்டை நீளமானது, அகலம் குறைவு. எல்லாச் செல்களும் எல்லாத் திசையிலும்தான் இழுக்கின்றன. நீளவாக்கில் முன்னும் பின்னும் நிற்கும் செல்களும் அதே நேரத்தில் எதிர்த்து இழுப்பதால் அந்தத் திசையில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. பக்கவாட்டில் இழுக்காத செல்கள் இருப்பதால் அவை இணங்கி நகர்ந்து வருகின்றன. அதனால் செல்கள் குறுக்காக மட்டும் ஒடுங்கி, வாய்க்கால் விழுகிறது. திசையை யாரும் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை; பட்டையின் அமைப்பே போதும்.

பள்ளம் மூடிய கையோடு அதே கருவில் இன்னொரு வேலை தொடங்குகிறது. உடலாகப் போகும் திசு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் நீள்கிறது, அகலம் அதற்கேற்பக் குறைகிறது. அதே ஆக்டின், அதே மயோசின். ஆனால் இம்முறை மயோசின் நிற்கும் இடம் வேறு. இதை நான்கு செல்களை வைத்துப் பார்த்தால் எளிது. ஒரு தாளில் இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு செல்களை வரையுங்கள். இடச் செல்லும் வலச் செல்லும் நடுவில் ஒரு செங்குத்துச் சுவரால் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மேல் செல்லும் கீழ்ச் செல்லும் தொடவில்லை. மயோசின் அந்தச் செங்குத்துச் சுவரில் மட்டும் குவிகிறது. சுவர் குட்டையாகிக்கொண்டே வந்து ஒரு புள்ளியாகிறது. அந்த நொடியில் நான்கு செல்களும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. பிறகு அந்தப் புள்ளியிலிருந்து கிடைமட்டமாக ஒரு புதுச் சுவர் வளர்கிறது. இப்போது மேலும் கீழும் அண்டைவீட்டார். இடமும் வலமும் பிரிந்து தள்ளிப் போய்விட்டார்கள். பிரான்சின் மார்செய் நகரில் தோமா லெக்வியின் குழு 2004-ல் இதைக் காட்டியது. ஒரு செல்லும் நீளவில்லை. அண்டை மாறியதில் ஊரே நீண்டுவிட்டது.

சி. எலிகன்ஸ் என்ற நுண்புழு இன்னும் நேரடியாகக் காரியத்தை முடிக்கிறது. அதன் கரு முதலில் ஒரு விதை மாதிரி உருண்டையாக இருக்கும். தோல் செல்களுக்குள் ஆக்டின் கற்றைகள் பீப்பாயைச் சுற்றிய வளையங்களைப் போல வரிசையாக அமைந்து, எல்லாம் சேர்ந்து இறுகுகின்றன. இடுப்பு ஒடுங்க ஒடுங்க உடல் முன்னும் பின்னும் பிதுங்கி, ஏறத்தாழ நான்கு மடங்கு நீண்டு புழுவாகிறது. ஆக்டினைக் குலைக்கும் சைட்டோகலாசின் என்ற மருந்தைக் கொடுத்தால் நீள்வது நின்றுவிடுகிறது. இங்கேயும் இழுத்தால் மட்டும் போதாது, பிடி வேண்டும். நீண்டு முடித்ததும் தோலின் மேல் ஒரு உறுதியான உறை சுரந்து, அந்த வடிவத்தைக் காப்பாற்றுகிறது.

ஈ, புழு என்று பேசிக்கொண்டே போனால் நமக்கு என்ன என்று தோன்றலாம். நம் ஒவ்வொருவர் முதுகுக்குள்ளும் இதே கதை நடந்திருக்கிறது.

மனிதக் கருவின் மூன்றாவது வாரத்தில் முதுகுப் பக்கத்தில் செல்கள் ஒரு தட்டையான பட்டையாகத் தடிக்கின்றன. அதுதான் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற திசு. பட்டையின் நடுவில் செல்கள் ஆப்பு வடிவம் எடுக்க, அங்கே ஒரு மடிப்பு விழுகிறது. இரு ஓரங்களும் எழுந்து, ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, தொட்டு, ஒட்டி, குழலாகின்றன. கருவுற்ற 28 நாட்களுக்குள் இந்த நரம்புக்குழல் முழுவதும் மூடியிருக்க வேண்டும். தலைப் பக்கம் மூடாவிட்டால் மூளை வளராது, குழந்தை பிழைக்காது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா என்ற முதுகெலும்புப் பிளவு; கால்களின் அசைவும் உணர்வும் பாதிக்கப்படலாம்.

இழுக்கும் நூலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எலியில் பார்த்திருக்கிறார்கள். ஷ்ரூம் என்று ஒரு புரதம் உண்டு. மயோசினை முடுக்கிவிடும் நொதியைச் செல்லின் வெளிமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அந்தப் புரதம் இல்லாத எலிக்கருவில் தலைப்பகுதியின் மடிப்புகள் உள்நோக்கிச் சாயாமல், காளான் குடை மாதிரி வெளிப்பக்கமாகக் கவிழ்ந்து விரிந்துவிட்டன. அதனால்தான் அதற்கு ஆங்கிலத்தில் காளானைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சைட்டோகலாசின் கொடுத்தாலும் எலிக்கருவின் தலைப்பகுதி மூடுவதில்லை.

ஈயில் பார்த்த அண்டை மாற்றமும் இங்கே உண்டு. பட்டை அகலமாகவே இருந்தால் இரண்டு ஓரங்களும் எட்டாத தூரத்தில் நிற்கும். எவ்வளவு வளைந்தாலும் தொட முடியாது. முதுகெலும்புள்ள விலங்குகளில் செல்கள் நடுக்கோட்டை நோக்கி நெருக்கி ஒன்றுக்கிடையில் ஒன்று நுழைந்து, பட்டையைக் குறுகலாகவும் நீளமாகவும் ஆக்குகின்றன. தவளைக் கருவிலிருந்து திசுவைத் தனியாக வெட்டியெடுத்து, வெளியிலிருந்து எந்த இழுப்பும் இல்லாமலேயே அது தானாக நீள்வதை ரே கெல்லர் காட்டினார். செல்களுக்குத் திசை காட்டும் வாங்ல்2 என்ற மரபணு பழுதான எலிகளில் பட்டை அகலமாகவே நின்றுவிடுகிறது. முதுகு நெடுகக் குழல் திறந்தே கிடக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் குழல்தான். ஃபோலிக் அமிலம் நூலை இழுப்பதில்லை. வேகமாகப் பிரியும் செல்கள் டிஎன்ஏ செய்ய அது வேண்டும். பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் நடத்திய ஆய்வு 1991-ல் வெளியானது. முன்பு இந்தக் குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களுக்கு அதிக அளவில், அதாவது 4 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. அந்த அதிக அளவை மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். குழல் மூடும் 28-வது நாள் பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரியாத, அல்லது அப்போதுதான் தெரியவரும் நாள். அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

நுண்குழல்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அவற்றின் பங்கும் சிறியதல்ல. செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுப்பவை அவைதான். எந்தத் திசையில் பிரிகிறது என்பதைப் பொறுத்துத் திசு நீள்வதும் தடிப்பதும் மாறும். கருவின் ஒரு சிறு குழியில் நுண்குழல்களால் ஆன நுண்ணிய மயிர்கள் சுழன்று, சுற்றியுள்ள திரவத்தை இடப்பக்கமாக ஓடவிடுகின்றன. இதயம் இடப்பக்கம் அமைவதற்கு அந்த ஓட்டம் ஒரு காரணம். அந்த மயிர்கள் அசையாத கார்டகெனர் வகைக் குறை உள்ளவர்களைப் பார்த்தால் இது புரியும். இத்தகைய மயிர்க்குறை உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உள்ளுறுப்புகள் இடவலம் மாறி அமைகின்றன.

இழுப்பு மட்டுமே வடிவத்தைத் தந்துவிடுமா என்ற சந்தேகம் நியாயமானது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஸ்டெஃபானோ டி ரென்சிஸின் குழு அதை 2018-ல் நேரடியாகச் சோதித்தது. ஒளி பட்டால் மயோசினை முடுக்கும் சமிக்ஞை தொடங்கும்படி ஈயின் செல்களை மாற்றி அமைத்தார்கள். பிறகு பள்ளமே விழாத முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு பட்டையில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினார்கள். ட்விஸ்ட் இல்லை, ஸ்னெயில் இல்லை. ஆனால் அங்கேயும் செல்களின் முகம் சுருங்கி, திசு உள்ளே மடிந்தது.

இதுவரை மரபணு சொல்ல, நூல் செய்தது. எதிர்த்திசையிலும் நடக்கும் என்பதைத்தான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். பிரெஞ்சு இயற்பியலாளர் இம்மானுவேல் ஃபார்ஜ் 2003-ல் ஈயின் கருவை இரு கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தினார். வயிற்றுப் பக்கத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டிய ட்விஸ்ட் மரபணு, அழுத்தம் பட்டதும் சுற்றிலும் விழித்துக்கொண்டது. இயல்பான கருவில் இந்த அழுத்தத்தை யார் தருகிறார்கள் என்று தேடினார்கள். மேலே நான்கு செல்களை வைத்துப் பார்த்தோமே, அந்த நீளும் திசுதான். அது முதுகு வழியாக முன்னோக்கி நீளும்போது தலைப்பக்கத்தில் குடலின் முன்பகுதியாகப் போகும் செல்களை நெருக்குகிறது. அந்த நெருக்கலில்தான் அங்கே ட்விஸ்ட் உயர்கிறது. 2008-ல் அதே குழு நடுவிலிருந்த செல்களை லேசரால் அழித்து, நெருக்கல் அங்கே போய்ச் சேராமல் செய்தது. ட்விஸ்ட் குறைந்தது. பிறகு கருவின் செல்களுக்குள் காந்தத் துகள்களைச் செலுத்தி, வெளியே ஒரு காந்தத்தை வைத்து, இழந்த அதே அளவு நெருக்கலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ட்விஸ்ட் மறுபடி உயர்ந்தது.